சிரிப்பு நடிகரும் ஏழையின் மானமும்

உரோமை நகரில் ஒரு பகற்பொழுது. பழையதாயினும் தூய்மையான மேலங்கியும் தொப்பியும் அணிந்த முதியவர் ஒருவர் வீதியோரத்தில் நிற்கிறார். அரசாங்க அலுவலில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வூதியம் உணவுக்கே போதவில்லை. வாடகை பாக்கியைத் தீர்க்காவிடில் வீட்டுக்காரி வெளியேற்றிவிடுவாள். வேறு வழியின்றிப் பிச்சை கேட்கத் துணிகிறார். தயங்கித் தயங்கிக் கையை நீட்டுகிறார். அவ்வழியே வந்த ஒருவர் நின்று, காசு எடுக்கத் தம் பையைத் தொடுகிறார். அந்தக் கணத்தில் முதியவரின் கை சட்டெனப் புரண்டு, புறங்கை மேலாகிறது. மழைத்துளி ஏதும் விழுகிறதா என்று சோதிப்பவர்போல் வானத்தை நோக்குகிறார். காசு கொடுக்க வந்தவர் ஒன்றும் விளங்காமல் தம் வழியே போய்விடுகிறார்.

இக்காட்சியைக் காண்போர் முதலில் நகைக்கின்றனர். நகைப்பு முடிவதற்குள் தொண்டை அடைத்துக்கொள்கிறது. ஒரு கையைப் புரட்டிக் காட்டுவதன் மூலம் ஒரு மனிதனின் பசியையும் மானத்தையும் ஒருங்கே காட்டிவிட்ட அந்த இயக்குநர் யார்? பல ஆண்டுகள் இத்தாலிய மக்களைச் சிரிக்க வைத்த நகைச்சுவை நடிகர் அவர். பெயர் வித்தோரியோ தெ சீக்கா. அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. எனினும் அவர் படங்கள் இன்றும் உலகெங்கும் திரையிடப்படுகின்றன. அவருடைய வாழ்வு நம் குடும்பங்களுக்குச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அதனை இவ்விதழில் சிறிது நினைந்து பார்ப்போம்.

எழுத்தரின் மகன்

தெ சீக்கா 1901-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், உரோமைக்குத் தென்கிழக்கே உள்ள சோரா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையின் பெயர் உம்பெர்த்தோ. எழுத்தராகப் பணியாற்றி, குறைந்த வருவாயில் பெரிய குடும்பத்தைத் தாங்கியவர். பிழைப்பின் பொருட்டுக் குடும்பம் நேப்பிள்ஸ், பிளாரன்ஸ் ஆகிய நகரங்களில் வாழ்ந்து, பின்னர் உரோமையில் நிலைகொண்டது. வீட்டில் பணத்துக்குப் பஞ்சம் இருந்தது. மானத்துக்குப் பஞ்சம் இருக்கவில்லை. பொத்தல் தைத்த உடையாயினும் துவைத்து உடுத்துவது, அடுப்பு எரியாத நாளிலும் அயலாரிடம் முகம் வாடாதிருப்பது என்னும் நடுத்தரக் குடும்பத்து வைராக்கியத்தை அச்சிறுவன் தன் தந்தையிடம் கண்டான். நம் நாட்டுக் குடும்பங்களுக்கும் இது புதிய செய்தியன்றே!

மகனைக் கணக்கர் ஆக்கவேண்டும் என்று படிக்க வைத்த அதே தந்தைதான், அவனது இனிய குரலையும் தோற்றத்தையும் கண்டு, கலைத்துறையில் புகவும் ஊக்கம் தந்தார். 1917-இல், பதினாறு வயதளவிலேயே, மௌனப் படம் ஒன்றில் சிறு வேடம் கிட்டியது. 1923-இல் தாத்தியானா பாவ்லோவா என்னும் புகழ்பெற்ற நடிகையின் நாடகக் குழுவில் சேர்ந்தார். ஆடல், பாடல், கேலி, கிண்டல் ஆகியவற்றில் கைதேர்ந்து, விரைவிலேயே மேடையில் மக்களின் அன்புக்குரிய நகைச்சுவை நடிகரானார்.

இரவல் உடையில் ஒரு நாயகன்

1932-இல் மாரியோ காமெரினி என்னும் இயக்குநர் உருவாக்கிய, 'ஆண்கள் எத்தகைய போக்கிரிகள்!' என்று பொருள்படும் தலைப்புடைய படம் அவரைத் திரையுலகின் நட்சத்திரமாக்கியது. அதில் அவர் ஒரு கார் ஓட்டுநர். கடையில் வேலை செய்யும் பெண்ணொருத்தியைக் கவர, முதலாளியின் காரைத் தன்னுடையதென்று காட்டிக்கொண்டு அல்லற்படும் வேடம். 1937-இல் வந்த 'திருவாளர் மாக்ஸ்' படத்தில் அவர் பத்திரிகைக் கடைக்காரர். பிரபு வமிசத்தவராக நடித்துச் செல்வர் கூட்டத்தில் புகுந்து திண்டாடுகிறார்.

இந்தப் படங்களை நாம் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். இரண்டிலும் நகைச்சுவைக்கு அடிப்படை ஒன்றே. இல்லாதவன் இருப்பவன்போல் நடிக்கிறான். எப்போது குட்டு வெளிப்படுமோ என்று அவன் நடுங்குகிறான். அந்த நடுக்கத்தைக் கண்டு நாம் சிரிக்கிறோம். இரவல் உடையில் நிற்கும் ஏழையின் நெஞ்சு எவ்வாறு அடித்துக்கொள்ளும் என்பதைத் தெ சீக்கா ஆண்டுக்கணக்கில் நடித்து நடித்துத் தம் உடலிலேயே பயின்றுகொண்டார். பிற்காலத்தில் அவர் இயக்கிய படங்களிலும் அதே ஏழைதான் வருகிறான். அங்கே அவனைக் கண்டு சிரித்தவர் நாம்; இங்கே அவனோடு கண்ணீர் வடிப்பவரும் நாமே. சிரிப்புத் தொழில் தந்த கல்வி வீண்போகவில்லை என்று கூறுவது மிகையாகாது.

1935-இல் அவர் நடித்த 'பத்து லட்சம் தருவேன்' என்னும் படத்தின் வாயிலாக, செசாரே சவாத்தீனி என்ற எழுத்தாளரின் தொடர்பு ஏற்பட்டது. ஏழைகளோடு ஏழையாக உலவும் ஒரு கோடீசுவரனைப் பற்றிய கதை அது. இவ்விருவரின் நட்பு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது. தெ சீக்காவின் சிறந்த படங்கள் பலவற்றிலும் சவாத்தீனியின் எழுதுகோல் துணை நின்றது.

குழந்தைகள் நம்மைப் பார்க்கிறார்கள்

1940-இல் தெ சீக்கா இயக்குநரானார். முதற்படங்கள் அவர் நடித்து வந்த படங்களைப் போன்றே இலேசான நகைச்சுவைப் படங்கள். திருப்பம் 1942-இல் படமாக்கப்பட்ட 'குழந்தைகள் நம்மைப் பார்க்கிறார்கள்' என்னும் படத்தில் நேர்ந்தது. தாய், வேறொருவன்பால் மையல் கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள், திரும்பி வருகிறாள், மீண்டும் போகிறாள். தந்தை அவமானம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொள்கிறார். இவை அனைத்தையும் பிரிக்கோ என்னும் சிறுவனின் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இறுதியில், விடுதியில் சேர்க்கப்பட்ட மகனைக் காணத் தாய் வருகிறாள். சிறுவன் அவளை அணுகாமல், பெரிய கூடத்தின் வழியே தனியே நடந்து சென்றுவிடுகிறான்.

பெரியோரின் உலகத்தைச் சிறுவனின் கண் மட்டத்திலிருந்து காட்டிய இப்படத்தின் பெயரே ஓர் எச்சரிக்கை. கதவைச் சாத்திக்கொண்டு சண்டையிட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நாம் எண்ணுகிறோம். அவர்களோ கதவின் இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆலயத்துள் ஒரு படப்பிடிப்பு

அடுத்து வந்த படத்தின் கதை, திரையில் உள்ளதைவிடத் திரைக்குப் பின்னே உள்ளதால் சிறப்புற்றது. 1943 செப்டம்பரில் செருமானியப் படை உரோமையைக் கைப்பற்றியது. முசோலினி வடஇத்தாலியில் அமைத்த பொம்மை அரசாங்கம், திரைக்கலைஞர்களை வெனிஸ் நகருக்கு வந்து தனக்காகப் படமெடுக்குமாறு அழைத்தது. மறுப்பது ஆபத்து, போவது இழுக்கு. அவ்வேளையில் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பொன்று தெ சீக்காவிடம் ஒரு படத்தை ஒப்படைத்தது. லொரேத்தோ மாதா திருத்தலத்துக்கு நோயாளிகளை ஏற்றிச் செல்லும் புகைவண்டியைப் பற்றிய 'விண்ணக வாசல்' என்னும் படம் அது. கையில் வேலை இருப்பதைக் காரணமாகக் காட்டித் தெ சீக்கா உரோமையிலேயே தங்கிவிட்டார்.

படப்பிடிப்பின் ஒரு பகுதி மதிலுக்கு வெளியேயுள்ள புனித சின்னப்பர் பேராலயத்தில் நடந்தது. வத்திக்கானுக்கு உரிய அவ்விடத்தில், யூதர்களும் பாசிச எதிர்ப்பாளர்களுமாகப் பலர் துணை நடிகர்கள் என்றும் பணியாளர்கள் என்றும் படக்குழுவோடு சேர்ந்து அடைக்கலம் பெற்றனர். படம் முடிந்தால் அடைக்கலமும் முடியும். ஆகவே படப்பிடிப்பு முடியாமலே நீண்டுகொண்டு போயிற்று. 1944 ஜூன் 4-ஆம் நாள் நேசநாட்டுப் படைகள் உரோமையை விடுவித்தன. 'விண்ணக வாசல்' பின்னர் 1945-இல் வெளிவந்தது. அதனை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே. ஆயினும் ஒரு திரைப்படம் இதைவிட நற்பயன் விளைத்திருக்க முடியுமா என்று நாம் வியக்கிறோம்.

ஒரு சைக்கிளின் கதை

போர் ஓய்ந்தபோது இத்தாலியில் எங்கும் இடிபாடும் வேலையின்மையும். உரோமை வீதிகளில் சிறுவர்கள், அமெரிக்கப் போர்வீரர்களின் காலணிகளுக்கு மெருகிட்டுப் பிழைத்தனர். ஆங்கிலத்தில் 'ஷூஷைன்' என்பதை அவர்கள் தம் வாய்க்கு வந்தபடி 'ஷூஷா' என்று கூவினர். அதுவே 1946-இல் தெ சீக்கா எடுத்த படத்தின் பெயரானது. ஒரு குதிரை வாங்கவேண்டும் என்று காசு சேர்க்கும் இரு சிறு நண்பர்கள், பெரியோர் செய்த குற்றத்தில் சிக்கிச் சிறுவர் சிறைக்குச் சென்று, அங்கே நட்பையும் இறுதியில் ஓர் உயிரையும் இழக்கும் கதை. இத்தாலியில் படம் வசூலில் தோற்றது. அமெரிக்கத் திரைக் கழகமோ 1948-இல் அதற்குத் தனிச்சிறப்பு ஆஸ்கார் விருது அளித்தது. வேற்றுமொழிப் படம் ஒன்றுக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை.

அதன்பின் வந்ததுதான் உலகம் மறவாத 'சைக்கிள் திருடர்கள்'. ஆண்டு 1948. கதையை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். நெடுநாள் வேலையின்றி இருந்த அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் வேண்டும். மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறாள். முதல் நாளே அது திருட்டுப் போகிறது. தந்தையும் மகன் புரூனோவும் உரோமை முழுவதும் அதனைத் தேடி அலைகின்றனர்.

இப்படத்தை எடுக்கப் பணம் தேடி அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. அமெரிக்கத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் முதல் போட முன்வந்தார்; கேரி கிராண்ட் என்ற பெரிய நட்சத்திரம் கதாநாயகனாக நடிக்கவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. தாமே நட்சத்திரமாயிருந்த தெ சீக்கா அதனை மறுத்தார். லம்பெர்த்தோ மஜ்ஜொராணி என்னும் ஆலைத் தொழிலாளியைத் தந்தை வேடத்துக்குத் தேர்ந்தார். தாயாக நடித்த லியனெல்லா கரெல் ஒரு பத்திரிகையாளர். எட்டு வயது என்சோ ஸ்தாயோலா, நடிப்பென்பதையே அறியாத தெருச் சிறுவன்.

நடிக்கத் தெரியாதவரை எவ்வாறு நடிக்க வைத்தார்? இங்கேதான் பழைய நகைச்சுவை நடிகர் கைகொடுத்தார். ஒவ்வொரு காட்சியிலும் ஒவ்வொருவருடைய பங்கையும் அவரே முதலில் நடித்துக் காட்டுவார். எப்படி நடப்பது, எப்போது திரும்புவது, எங்கே மூச்சு விடுவது என்று தம் உடலால் சொல்லிக்கொடுப்பார். மேடையில் கற்ற நேரக்கணக்கு எல்லாம் இப்போது ஒரு தொழிலாளியின் தோளிலும் ஒரு சிறுவனின் குட்டை நடையிலும் போய்ச் சேர்ந்தது.

படத்தில் ஆலயக் காட்சி ஒன்று உண்டு. செல்வக் குடும்பத்துப் பெருமக்கள் ஏழைகளுக்கு முகம் மழித்து, அவர்களைச் செபத்தில் அமர்த்தி, பின்னர் சூப் வழங்குகின்றனர். திருடனை அறிந்த கிழவர் ஒருவர் அங்கிருப்பதைக் கண்ட அந்தோனியோ, உயிர் போகும் அவசரத்தில் அவரிடம் கெஞ்சுகிறான். நடத்துவோர் அவனைச் சத்தம் செய்யாதே என்று அடக்குகின்றனர். அவனுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பார் அங்கே யாருமில்லை. இக்காட்சி கத்தோலிக்கராகிய நம்மைச் சுடத்தான் செய்கிறது. சினங்கொள்வதால் பயனில்லை. நாம் கொடுக்கும்போது வரிசையில் நிற்பவனின் முகத்தைப் பார்த்தோமா, அல்லது பாத்திரத்தை மட்டும் பார்த்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

இறுதிக் காட்சியை நாம் விவரிக்காதிருக்க இயலாது. தேடித் தேடி ஓய்ந்த தந்தை, மகனை டிராமில் ஏறிப் போகச் சொல்லிவிட்டு, கேட்பாரற்று நின்ற ஒரு சைக்கிளைத் தானே திருடிக்கொண்டு ஓடுகிறான், பிடிபடுகிறான். டிராமைத் தவறவிட்ட மகன் அங்கேயே நின்று அனைத்தையும் பார்த்துவிடுகிறான். கூட்டம் அடிக்கிறது, தொப்பி கீழே விழுகிறது. சிறுவன் அழுதுகொண்டே ஓடிவந்து தந்தையின் காலைப் பற்றிக்கொள்கிறான். தொப்பியை எடுத்துத் துடைக்கிறான். சைக்கிளுக்கு உரியவர் அப்பாலகனின் முகத்தைப் பார்த்துவிட்டு, வழக்கு வேண்டாமென்று விட்டுவிடுகிறார். தலை கவிழ்ந்து நடக்கும் தந்தையின் கண்ணில் நீர் வழிகிறது. மகன் மெல்லத் தன் கையை அவர் கைக்குள் வைக்கிறான். இருவரும் கூட்டத்தில் மறைகின்றனர்.

தந்தை திருடன் ஆனதைக் கண்ட மகன், தந்தையை வெறுக்கவில்லை. பிரிக்கோ என்ற சிறுவன் தாயை விட்டு விலகி நடந்தான். புரூனோ என்ற சிறுவன் தந்தையின் கையைப் பற்றினான். அன்று பார்த்துக்கொண்டிருந்த குழந்தை இங்கே மன்னிக்கக் கற்றுக்கொண்டது. சைக்கிள் கிடைக்கவில்லை, வேலையும் போயிற்று, ஆனால் போன மானத்தில் ஒரு பகுதியை அந்தச் சின்னஞ்சிறு கை மீட்டுக் கொடுத்துவிடுகிறது.

1950-இல் இப்படத்துக்கும் தனிச்சிறப்பு ஆஸ்கார் கிட்டியது. திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் தேர்ந்து வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில், மனித மதிப்பீடுகளைப் போற்றும் படங்களின் வரிசையில் 'சைக்கிள் திருடர்கள்' இடம்பெற்றது. ஆனால் வருந்தத்தக்க செய்தியும் ஒன்று உண்டு. நாயகனாக நடித்த மஜ்ஜொராணி, படம் முடிந்ததும் ஆலைக்குத் திரும்பினார். சில காலத்தில் ஆட்குறைப்பில் வேலையிழந்தார். வேலையில்லாதவனாக நடித்தவர் வேலையில்லாதவரானார். வறுமையைக் கண்டு கைதட்டும் உலகம் வறியவனைக் கவனிப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கொடுத்த விலை

1951-இல் வெளிவந்த 'மிலானில் ஓர் அற்புதம்', குடிசைவாழ் ஏழைகளைப் பற்றிய மாயக் கதை. கான் திரைப்பட விழாவின் உயர்ந்த பரிசைப் பகிர்ந்துகொண்டது. அதன் பின்னரே, நாம் தொடக்கத்தில் கூறிய முதியவரின் கதையைத் தெ சீக்கா எடுத்தார். 1952-இல் வெளிவந்த அப்படத்துக்கு 'உம்பெர்த்தோ டி.' என்று பெயரிட்டு, தம் தந்தைக்கே காணிக்கையாக்கினார். முதியவராக நடித்தவர் கார்லோ பத்திஸ்தி. அவர் பிளாரன்ஸ் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியர், நடிகரே அல்லர். அந்த முதியவருக்கு உலகில் துணை இரண்டே பேர்: பிளைக் என்னும் நாய், வீட்டு வேலைக்காரச் சிறுபெண். கை நீட்ட மனம் ஒப்பாத அவர், நாயின் வாயில் தொப்பியைக் கொடுத்து நிறுத்திவிட்டுத் தாம் தூணுக்குப் பின் ஒளிந்துகொள்ளும் காட்சியும் அதில் உண்டு.

மக்கள் கூட்டம் அப்படத்துக்கு வரவில்லை. தம் சொந்தப் பணத்தையும் அதில் இட்டிருந்த தெ சீக்காவுக்குப் பெரும் நட்டம். அரசாங்கத்தின் கோபமும் சேர்ந்தது. திரைத்துறைக்குப் பொறுப்பேற்றிருந்த ஜூலியோ அந்திரெயோத்தி, நாட்டின் துயரத்தை மட்டும் காட்டி உலகின் முன் இத்தாலியைத் தாழ்த்துவதாகக் குறைகூறித் தெ சீக்காவுக்குப் பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதினார். வீட்டின் குறையை வெளியில் சொல்லலாமா என்னும் இவ்வழக்கு நம் நாட்டுக்கும் அயலானதன்று. ஆனால் அம்முதியவர் உலகின் முன் நிறுத்தப்பட்டதால் இத்தாலி தாழ்ந்ததா? அவரைக் கவனியாது விட்டதால் அன்றோ தாழ்ந்தது! தாம் எடுத்த படங்கள் அனைத்திலும் தமக்கு மிக விருப்பமானது இதுவே என்று தெ சீக்கா பிற்காலத்தும் கூறிவந்தார்.

பின் என் செய்வது? மீண்டும் முகத்துக்கு வண்ணம் பூசினார். 1953-இல் வெளிவந்த 'உணவும் காதலும் கனவும்' என்ற நகைச்சுவைப் படத்தில், சிற்றூர்க் காவல் அதிகாரியாக நடித்து நாட்டையே சிரிக்க வைத்தார். அதன் தொடர்ச்சிப் படங்களும் வந்தன. வாழ்நாளில் அவர் நடித்த படங்கள் நூற்றைம்பதுக்கும் மேல். அவற்றுள் பல, பணத்துக்காக ஏற்றவை. நடித்து ஈட்டியதைக் கொண்டு, தாம் எடுக்க விரும்பியதை எடுத்தார். சிரிப்பு சம்பாதித்தது, கண்ணீர் செலவழித்தது.

அவ்வாறு உருவான ஒன்று 1956-இல் வெளிவந்த 'கூரை'. புதிதாக மணமுடித்த ஏழைத் தம்பதியர், குடியிருக்க இடமின்றி, ஓர் இரவுக்குள் நான்கு சுவர் எழுப்பிக் கூரையும் போட்டுவிட முயல்கின்றனர். விடிவதற்குள் கூரை அமைந்துவிட்டால் காவலர் வெளியேற்ற இயலாது. உறவினரும் தோழரும் இருளில் செங்கல் அடுக்கும் அக்காட்சிகளைக் கண்டோர், குடும்பம் என்பது எதன்மேல் கட்டப்படுகிறது என்பதை உணர்வர். கான் விழாவில் அனைத்துலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு இப்படத்துக்கு விருதளித்தது.

1960-இல் 'இரு பெண்கள்' படத்தில் போரால் சீரழிந்த தாயாக நடித்த சோபியா லாரனுக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. 1970-இல் 'பின்சி கொந்தீனியின் தோட்டம்', முசோலினியின் இனச் சட்டங்களால் ஒரு யூதக் குடும்பம் அழிந்த கதையைக் கூறியது. பெர்லின் விழாவின் பொற்கரடியும், சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்காரும் அதற்குக் கிடைத்தன. பேராலயத்துள் படக்குழுவோடு ஒளிந்திருந்தோரை அவர் மறக்கவில்லை போலும்!

நிறையும் குறையும்

தெ சீக்காவைப் புனிதராகக் காட்டுவது நம் நோக்கமன்று. சூதாட்டம் அவரை விடாது பற்றிய நோய். ஈட்டிய செல்வத்தில் பெரும்பகுதி சூதாட்ட மேசைகளில் கரைந்தது. 1954-இல் அவர் இயக்கிய 'நேப்பிள்ஸின் பொன்' படத்தில் சூது வெறிகொண்ட ஒரு பிரபுவாக அவரே நடித்தார். காசு கையில் இல்லாததால் வாயில்காப்போனின் சிறுமகனை உட்காரவைத்துச் சீட்டாடி, ஒவ்வொரு முறையும் அவனிடமே தோற்கும் வேடம். தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளத் துணிந்தார். பழக்கத்தை விடத்தான் முடியவில்லை.

இல்லறத்திலும் அவ்வாறே. மனைவியும் மகளும் இருக்க, 1942 முதல் மற்றொரு நடிகையோடு உறவு கொண்டு, அவர் வழியாக இரு புதல்வர்களுக்குத் தந்தையானார். இரு குடும்பங்களுக்கிடையே அவர் ஓடிய ஓட்டம் நீண்டது. புத்தாண்டு இரவில் ஒரு வீட்டின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவைத்து, இரு வீட்டிலும் நள்ளிரவைக் கொண்டாடினார் என்று கூறுவர். கேட்கச் சிரிப்பு வரும். அவ்விரு வீட்டுப் பிள்ளைகளுக்கு அது சிரிப்பாயிருந்திருக்குமா? குழந்தைகள் நம்மைப் பார்க்கிறார்கள் என்று உலகுக்குச் சொன்னவரே, அதனைத் தம் வீட்டில் மறந்தார். உண்மையை அறிவது வேறு, அதன்படி வாழ்வது வேறு என்பதற்கு நம்மில் எவரும் விலக்கல்லர். அவரைக் கல்லெறிய நாம் இதனைக் கூறவில்லை. நம் வீட்டுக் கதவையும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளவே கூறுகிறோம்.

1974 நவம்பர் 13-ஆம் நாள், பாரிஸ் நகரை அடுத்த நெய்யி என்னும் இடத்தில் தம் 73-ஆம் வயதில் அவர் காலமானார். உரோமையின் வெரானோ கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சிறுவன் புரூனோவாக நடித்த ஸ்தாயோலாவும் 2025 ஜூன் மாதம் மறைந்தார்.

நம் நாட்டில் விழுந்த விதை

தெ சீக்கா இந்தியாவில் படமெடுத்ததில்லை. ஆயினும் அவர் விதை இங்கும் விழுந்தது. 1950-இல், விளம்பர நிறுவனம் ஒன்றின் பணியாளராக இலண்டன் சென்றிருந்த சத்யஜித் ராய், அங்கே 'சைக்கிள் திருடர்கள்' படத்தைக் கண்டார். புகழ்பெற்ற நடிகரும் பெரும் பொருளும் இன்றியே, தெருவிலும் வயலிலும் உண்மையான படம் எடுக்க இயலும் என்னும் துணிவு அவருக்கு வந்தது. 1955-இல் 'பதேர் பாஞ்சாலி' பிறந்தது. 1952-இல் நம் நாட்டின் முதல் அனைத்துலகத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னை உட்பட ஏனைய பெருநகரங்களிலும் நடைபெற்றபோது, இத்தாலியப் படங்களை நம்மவர் பலர் முதன்முறையாகக் கண்டனர். மறு ஆண்டே பிமல் ராய், நிலத்தை மீட்கக் கல்கத்தாவில் ரிக்ஷா இழுக்கும் உழவனின் கதையான 'இரண்டு பிகா நிலம்' படத்தை வெளியிட்டார்.

வாசகர்களே, தொடக்கத்தில் நாம் கண்ட அந்தக் கைக்கு மீண்டும் வருவோம். பிச்சைக்காக நீண்டு, மழைக்காகப் புரண்ட கை அது. அத்தகைய கைகள் உரோமையில் மட்டுமா உள்ளன? ஓய்வூதியம் போதாமல் மருந்துச் சீட்டை மடித்து வைக்கும் முதியவர். பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் கேட்க வந்து, வேறு எதையோ பேசிவிட்டுப் போகும் தந்தை. விருந்துக்கு அழைத்தால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடும், நல்ல சேலையில்லாத தாய். நம் தெருவில், நம் பங்கில், சில வேளை நம் உறவுக்குள்ளேயே அவர்கள் இருக்கிறார்கள். கை நீட்டியவருக்குக் கொடுப்பது எளிது. புறங்கை காட்டி வானத்தைப் பார்ப்பவரைக் கண்டுகொள்வதற்கே கூர்ந்த கண் வேண்டும். கண்டுகொண்ட பின், அவர் மானம் கெடாமல் உதவ நுண்ணிய மனம் வேண்டும்.

சிரிக்க வைப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் அந்தக் கண்ணைப் பெற்றார். நமக்கும் அதனைக் கொடுத்துச் சென்றார். அடுத்த முறை எவரேனும் நம் எதிரே நின்று, காரணமின்றி மழை வருமா என்று கேட்டால், நாம் வானத்தைப் பார்க்க வேண்டாம். அவர் முகத்தைப் பார்ப்போம்.